கொங்கு வெயிலில் ஐவிக் கொடி: வீட்டுக்குள் வளர்க்க முழுமையான வழிகாட்டி

ஐவி குளிர்தேசத்துக் கொடி. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் மரநிழலில், ஈரமண்ணில் படர்ந்து, கிடைத்த சுவரிலும் மரத்திலும் வேர் ஊன்றி ஏறிக்கொண்டிருக்கும் செடி. பகலில் 15 முதல் 22 டிகிரி வரை இருந்தால் செழிப்பாக வளரும். 27-ஐத் தாண்டினால் வளர்ச்சி தளரும். 32-க்கு மேல் நாள்கணக்கில் போனால் புதுத்தளிர் விடுவதை நிறுத்திவிட்டு, உயிரைப் பிடித்துக்கொண்டு இருப்பதே அதற்குப் பெரிய பாடாகிவிடும். கோவையில் பங்குனி, சித்திரை மாதங்களில் 36, 37 டிகிரி என்பது சாதாரணம். ஈரோடு, கரூர், சேலம் பக்கம் 40-ஐத் தாண்டும் நாட்களும் வரும்.

இதைப் படித்துவிட்டு ஆசையை விட்டுவிட வேண்டாம். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கியதில் இருந்து மாசி பாதி வரைக்கும், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் வீடுகளில் ஐவி நன்றாகவே இருக்கும். மாசிக் கடைசியில் இருந்து வைகாசி முடியும் வரை அதைத் தாண்ட வைப்பதுதான் இங்கே முக்கியமான வேலை. இங்கே ஐவியைச் சாகடிப்பவை பெரும்பாலும் இரண்டு: இரவிலும் தணியாத சூடு, போர் தண்ணீரில் இருக்கும் உப்பு. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இந்த இரண்டைப் பற்றியும் அதிகம் இருக்காது. அதனால்தான் நம் ஊருக்குத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், வாங்குவது ஐவிதானா?

நர்சரியில் "ஐவி" என்று கேட்டால் நாலைந்து வெவ்வேறு செடிகளைக் காட்டுவார்கள். மணி பிளான்டுக்கே வெளிநாட்டில் டெவில்ஸ் ஐவி என்று ஒரு பெயர் உண்டு. ஸ்வீடிஷ் ஐவி, கிரேப் ஐவி என்பவையும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள்தான். இங்கே நாம் பேசுவது ஹெடெரா ஹெலிக்ஸ், இங்கிலீஷ் ஐவி. மூன்று அல்லது ஐந்து முனை உள்ள சின்ன இலை, சற்றே தோல்போன்ற தடிப்பு, இலை நரம்பு வெளிர்நிறமாகத் தெரியும். தண்டைத் திருப்பிப் பார்த்தால் கணுக்களை ஒட்டிக் குட்டிக் குட்டி வேர்கள் சீப்புப் பல் மாதிரி நிற்கும். அதுதான் சரியான அடையாளம்.

இதிலேயே முழுப்பச்சை வகையும் உண்டு, வெள்ளை அல்லது மஞ்சள் விளிம்பு உள்ளதும் உண்டு. பார்க்க அழகு விளிம்பு உள்ளதுதான். ஆனால் முதல்முறை வளர்ப்பவர்கள் முழுப்பச்சையில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அந்தச் செடிக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். கூடுதல் வெளிச்சம் என்று ஜன்னல் அருகே கொண்டுபோனால் நம் ஊரில் கூடவே சூடும் வந்துவிடும்.

எப்போது, எங்கே வாங்குவது

நம்மவர்களில் பலர் ஐவியை முதலில் பார்ப்பதே ஊட்டியில்தான். மே மாதம் மலர்க்கண்காட்சிக்குப் போவோம், திரும்பும் வழியில் குன்னூர்ப் பக்கம் ஏதாவது நர்சரியில் இரண்டு தொட்டி வாங்கிக் காரின் பின்னால் வைப்போம். ஊட்டியில் மே மாதப் பகல் வழக்கமாக 22, 23 டிகிரி. அங்கே முளைத்து வளர்ந்த செடியை, கல்லாறு வளைவுகளில் இறக்கி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கொண்டுவந்து, அதே சாயங்காலம் 36 டிகிரி வீட்டுக்குள் வைத்தால் அது என்ன செய்யும்? பத்து நாளில் இலை காய்ந்து கொட்டத் தொடங்கும். வாங்கியவர்கள் "நமக்குக் கை ராசி இல்லை" என்று சொல்லிக்கொள்வார்கள். கை மேல் ஒரு குற்றமும் இல்லை, மாதம்தான் தப்பு.

ஐப்பசி, கார்த்திகைதான் ஐவி வாங்க நல்ல காலம். மழை பெய்து காற்றில் ஈரம் இருக்கும், சூடு இறங்கியிருக்கும், கோடை வருவதற்குள் செடிக்கு நாலு மாதம் கிடைக்கும். முடிந்தால் மலையில் வாங்காமல் கீழே, கோவை அல்லது பொள்ளாச்சி நர்சரியில், வந்து ஒரு மாதமாவது ஆன செடியாகப் பார்த்து வாங்குங்கள். "இது எப்ப வந்த லோடுங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். நேற்று மலையில் இருந்து இறங்கிய பளபளப்பான செடியைவிட, கொஞ்சம் மெலிந்திருந்தாலும் இங்கத்திக் காற்றில் புதுத்தளிர் விட்டிருக்கும் செடிதான் நிற்கும்.

வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை, புள்ளிப் புள்ளியாக வெளுப்பு, கணுவில் வெள்ளைப் பஞ்சு, இதில் ஏதாவது தெரிந்தால் அந்தத் தொட்டி வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியே வையுங்கள்.

எங்கே வைப்பது

நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. காலை ஏழெட்டு மணி வெயில் படும் கிழக்கு ஜன்னல் மிக நல்லது. மேற்கு ஜன்னல் எந்த மாதத்திலும் வேண்டாம்.

வடக்கு, தெற்கு ஜன்னல் விஷயத்தில் கவனம் வேண்டும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பல குறிப்புகளில் எழுதியிருக்கும். அது கடகரேகைக்கு வெகு வடக்கே இருக்கும் குளிர்நாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் சரி. கோவை, ஈரோடு எல்லாம் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கின்றன. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிட்டு, அப்புறம் ஆவணி முதல் வாரம் வரைக்கும் வடக்குப் பக்கமாகவே போய்வரும். ஆக, அந்த நாலு மாதம் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப்பார்க்கும், தெற்கு ஜன்னல் நிழலில் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழ். எனவே ஒரே இடத்தில் வருஷம் முழுக்க வைக்காமல், சித்திரை பிறந்ததும் வடக்கு ஜன்னலில் இருக்கும் தொட்டியை இரண்டடி உள்ளே இழுத்துவிடுங்கள்.

பழைய தொட்டிக்கட்டு வீடு இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நடுவில் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வார நிழல், மேலே இருந்து இறங்கும் வெளிச்சம், ஓட்டுக் கூரையின் குளிர்ச்சி எல்லாம் ஐவிக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். ஆசாரத்து (கூடத்து) ஓரத்தில் வைத்தாலும் போதும். கான்கிரீட் வீடு என்றால் கீழ்த்தளத்தில் வையுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பகலெல்லாம் வெயில் குடித்த கூரை ராத்திரி பதினோரு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். பகலில் வெளிச்சம் இருக்கும்போது செடி சமைக்கும் உணவை, இரவில் சுவாசத்துக்குச் செலவு செய்கிறது. இரவும் சூடாக இருந்தால் செலவு வரவை மிஞ்சிவிடும், செடி நாளுக்கு நாள் மெலியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐவி என்றாலே உத்தரத்தில் இருந்து தொங்கவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. தொங்கட்டும், ஆடியில் இருந்து தை வரைக்கும். சூடான காற்று மேலேதான் தேங்கும். மாசியில் சிவராத்திரி முடிந்ததும் அந்தத் தொட்டியைக் கழற்றித் தரையிலேயே வையுங்கள். செலவில்லாமல் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது இல்லை.

தொட்டியும் மண்ணும்

மண் தொட்டிதான் நமக்குச் சரி. அதன் பக்கவாட்டில் கசியும் ஈரம் ஆவியாகும்போது வேர்ப்பகுதி குளிர்கிறது. ஆறு அங்குலத் தொட்டி போதும், அடியில் ஓட்டை கட்டாயம். பீங்கான் தொட்டி அழகுக்கு வேண்டுமென்றால், மண் தொட்டியை அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதில் தேங்கும் தண்ணீரை மட்டும் கொட்டிவிட வேண்டும்.

நர்சரிச் செடி பெரும்பாலும் இறுகிய செம்மண்ணில் இருக்கும். அது காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. நம் தோட்டத்துக் கரிசல் அதைவிட மோசம். ஐவி வேர் மெல்லியது, அதற்குக் காற்றோட்டம் வேண்டும். என் கலவை இது: தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) அல்லது கழுவிய பருமணல் ஒரு பங்கு, கைப்பிடி கரித்துண்டு. எம்-சாண்டு என்றால் மாவு போன்ற தூசியைச் சலித்து எறிந்துவிட்டுப் பருத்ததை மட்டும் எடுங்கள்.

தென்னைநார்க் கழிவுக்குப் பஞ்சமில்லாத பூமி நம்முடையது. பொள்ளாச்சியில் இருந்து உலகத்துக்கே போகிறது. ஆனால் வாங்கிய கட்டியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஒரு வாளியில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தக் கலங்கிய நீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் ஊறவைத்துப் பிழியுங்கள். மூன்று முறை செய்தால் போதும்.

தொட்டி மாற்றுவதும் ஐப்பசி முதல் தை வரைக்குள் முடிந்துவிட வேண்டும். பங்குனிக்கு மேல் வேரைத் தொடவே கூடாது.

தண்ணீர்

"தெனமும் ஊத்தோணுமுங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கிழமை பார்த்து ஊற்ற வேண்டாம், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். ஆள்காட்டி விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழியும் வரை நிதானமாக ஊற்றுங்கள், அரைமணி கழித்துத் தட்டில் நின்றதைக் கொட்டுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை போதுமானதாக இருக்கலாம், சித்திரையில் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதுதான் கெடுதல். மேல்மண் நனைந்தே இருக்கும், அடிவேர் காய்ந்து கிடக்கும், உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. சிறுவாணி அல்லது பில்லூர்க் குழாய்த் தண்ணீர் கிடைப்பவர்களுக்குக் கவலை இல்லை. குளோரின் வாடை அடித்தால் வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீடுகளில்தான் பாடு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சிறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள், யூகத்தில் ஓட்ட வேண்டாம். 300-க்குள் காட்டினால் தாராளமாக ஊற்றலாம். 500, 600 என்றால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து சமாளிக்கலாம். ஆயிரத்தைத் தாண்டும் உப்புத் தண்ணீரை ஐவிக்குக் காட்டவே வேண்டாம். இலை விளிம்பு பழுப்பாகிக் காய்வது, தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளைப் படலம் பூப்பது, புதுத்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக மற்றதெல்லாம் மஞ்சளாக வருவது, இவை உப்பும் கடினத்தன்மையும் ஏறியதன் அடையாளம். இதைப் பார்த்துச் "சத்து போதவில்லை" என்று உரம் போட்டால் உப்போடு உப்பு சேரும்.

ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீர் அப்படி அல்ல. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பே கிட்டத்தட்ட இல்லாதது. கோடையில் ஒரு வாளி வைத்துப் பிடித்தால் இரண்டு மூன்று ஐவித் தொட்டிக்கு அதுவே போதும். ஐப்பசி மழையில் மாடித் தண்ணீரைப் பிடித்து மூடி வைப்பதும் நல்ல யோசனைதான்.

எந்தத் தண்ணீர் ஊற்றினாலும் மாதம் ஒருமுறை, தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வழியவிடுங்கள். சேர்ந்த உப்பு கரைந்து போய்விடும்.

மாசி முதல் வைகாசி வரை

சிவராத்திரி முடிந்ததும் தயாராகிவிடுங்கள். தொட்டியைத் தரைக்கு இறக்குங்கள். உரத்தை நிறுத்துங்கள். கடுமையாக வெட்டாதீர்கள். சின்னத் தொட்டிகளை ஒன்றாகக் கூட்டி வையுங்கள், ஒன்று விடும் ஈரம் மற்றொன்றுக்கு உதவும். அகலத் தட்டில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்து அதன்மேல் தொட்டியை வைப்பது கொஞ்சம்தான் பலன் தரும், ஆனாலும் வைக்கலாம். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது.

ஏர் கூலர் உள்ள வீட்டில் ஐவியை அந்த அறையிலேயே வைத்துவிடுங்கள். நம் கோடை வறண்ட கோடை என்பதால் கூலர் சூட்டையும் இறக்கும், ஈரத்தையும் கூட்டும், ஐவிக்கு இரண்டும் வேண்டும். ஏசி அறை என்றால் நேர்காற்று படாத மூலை. ஜன்னல் உள்ள குளியலறை இருந்தால் அந்த மூன்று மாதத்துக்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

இந்தக் காலத்தில் வளர்ச்சி எதிர்பார்க்க வேண்டாம். இருக்கும் இலை பச்சையாக நின்றாலே போதும். அடியில் நாலைந்து இலை மஞ்சளானால் பயந்துபோய்த் தண்ணீரை இரட்டிப்பாக்காதீர்கள். சூட்டில் தளர்ந்த வேர் அதிகமாக உறிஞ்சாது. நின்ற ஈரத்தில் அழுகல் வந்துவிடும். இலை வாடுகிறது, மண் ஈரமாக இருக்கிறது என்றால் அது வேர் அழுகல். தொட்டியைக் கவிழ்த்து, கறுத்துக் குழைந்த வேரை வெட்டிவிட்டு, புதுக் கலவையில் சின்னத் தொட்டியாகப் பார்த்து நடுங்கள். பங்குனிக்கு மேல் வேரைத் தொடக்கூடாது என்றேன், இதற்கு மட்டும் விலக்கு.

கரூர், பரமத்தி, ஈரோட்டுப் பக்கம், மேல்தளத்து வீடு, கூலரும் இல்லை என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஐவி அங்கே மிகவும் கஷ்டப்படும். அதே படரும் அழகுக்கு மணி பிளான்டோ சிங்கோனியமோ வைத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிலந்தி

சூடும் வறட்சியும் சேர்ந்தால் ஐவியைத் தேடி வரும் முதல் எதிரி செஞ்சிலந்தி. கண்ணுக்குப் புள்ளியாகத்தான் தெரியும். 30 டிகிரிச் சூட்டில் முட்டையில் இருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரமே எடுத்துக்கொள்ளும், அதனால் இன்று நாலு என்றால் அடுத்த வாரம் செடி முழுக்க. இலை மேல்பக்கம் ஊசிக் குத்தியது போல் வெளுத்த புள்ளிகள் வந்தால் சந்தேகப்படுங்கள். வெள்ளைக் காகிதத்தை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான்.

வருமுன் காப்பதற்கு ஒரே வழி, கோடையில் வாரம் ஒருமுறை காலையில் செடியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் நன்றாகப் படும்படி கழுவுவது. மண் கரையாமல் இருக்கத் தொட்டியின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிக்கொள்ளுங்கள். காற்றில் ஸ்பிரே அடிப்பது சில நிமிஷ ஈரம்தான், கழுவுவதற்கு ஈடாகாது.

வந்துவிட்டால், முதலில் கழுவுங்கள், மோசமான கொடிகளை வெட்டிக் கட்டிப் போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில சொட்டுச் சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கி, சாயங்காலம் இலையின் இருபக்கமும் அடியுங்கள். ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒருமுறை அடித்து நிறுத்தினால் முட்டையில் இருந்து வந்தவை மறுபடியும் பெருகும். சாதாரணப் பூச்சிமருந்து இங்கே வேலை செய்யாது. இது பூச்சியே இல்லை, சிலந்தி இனம். சில மருந்துகள் அதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்று நிலைமையை இன்னும் கெடுத்துவிடும்.

மாவுப்பூச்சிக்கும் செதில்பூச்சிக்கும் சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு அதே வேப்பெண்ணெய்.

மழைக்காலத்தில் கதை வேறு. அப்போது சாயங்காலம் இலையை நனைக்கவே கூடாது. ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் பாக்டீரியாப் புள்ளி நோய் வரும்: எண்ணெய் பட்டது போன்ற பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். அந்த இலைகளைப் பறித்துவிட்டு, காற்றோட்டம் கொடுத்து, தண்ணீரை மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

உரம், வெட்டு, படரவிடல்

ஆடி முதல் தை வரை மாதம் ஒருமுறை போதும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு ஒரு கிராம், அல்லது ஒரு பங்கு மண்புழு உரநீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பஞ்சகவ்யம் தோட்டத்துக்கு நல்லது, வீட்டுக்குள் வாடையும் கொசுவும் ஈயும் தாங்காது.

நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளை வரும். கிள்ளாமல் விட்டால் நீளமாக ஒற்றைக் கொடியாக ஓடி, அடியில் மொட்டையாகும். விளிம்பு நிறமுள்ள வகையில் முழுப்பச்சைக் கொடி கிளம்பினால் உடனே அடியோடு வெட்டுங்கள், அது வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். கம்பி வளையத்திலோ பாசிக் கம்பத்திலோ ஏற்றலாம். பெயின்ட் அடித்த சுவரில் மட்டும் ஏறவிடாதீர்கள், பிய்க்கும்போது பெயின்டோடு வரும்.

பதியன் போட்டு வையுங்கள்

கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு செடியிலும் நாலைந்து துண்டு எடுத்து வேர்பிடிக்க வையுங்கள். கோடையில் தாய்ச்செடி போனாலும் வம்சம் நிற்கும். ஐந்து அங்குலத் துண்டு, முற்றியும் முற்றாத தண்டு, கணுவுக்குக் கீழே வெட்டு. அடி இலைகளை எடுத்துவிட்டு இரண்டு கணு புதையும்படி ஈரமான தென்னைநார்க் கலவையில் குத்தி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்தில் இருந்து நாலு வாரத்துக்குள் பிடிக்கும். கண்ணாடிச் சீசாவில் தண்ணீரிலும் வேர்விடும், ஆனால் மண்ணுக்கு மாற்றும்போது கொஞ்சம் சுணங்கும். இப்படி இங்கேயே பிறந்த செடி, மலையில் இருந்து வந்ததைவிட நம் வெயிலுக்கு ஒருபடி தாக்குப்பிடிக்கும்.

குழந்தைகள், நாய் பூனை, காட்டோரம்

ஐவி இலையில் சபோனின் என்ற பொருள் உண்டு. நாயோ பூனையோ மென்றால் வாந்தியும் பேதியும் வரும். குழந்தைகள் வாயில் வைக்காத உயரத்தில் இருக்கட்டும். தரைக்கு இறக்கும் கோடை மாதங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாற்றில் உள்ள ஃபல்காரினால் (falcarinol) என்ற பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், வெட்டும்போது கையுறை போடுங்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள். 1989-இல் நாசா செய்த ஆய்வில் ஐவியும் இருந்தது உண்மை. ஆனால் அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் திறந்த வீட்டில் அந்தப் பலன் கிடைக்க அறை முழுக்கச் செடியாக அடைக்க வேண்டியிருக்கும் என்று பின்னால் 2019-இல் வந்த மறுஆய்வு காட்டிவிட்டது. அழகுக்காக வளருங்கள், அதுவே போதிய காரணம்.

கடைசியாக, வெட்டிய கொடிகளை என்ன செய்வது என்பது. கோத்தகிரி, குன்னூர், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். குளிரும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு கணு கிடைத்தால் போதும், ஐவி வேர்விட்டுவிடும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் காட்டை மூடுகிறது என்று இதை விற்கவே தடை போட்டிருக்கிறார்கள். நம் சோலைக்காடுகள் வெளிநாட்டில் இருந்து வந்து பரவிய சீகை (வாட்டில்) மரத்தையும் உண்ணிச்செடியையும் சுமப்பதே போதும். வெட்டிய துண்டுகளை ஓடையிலோ காட்டோரத்திலோ எறியாமல், மொட்டை மாடி வெயிலில் சருகாகக் காயவைத்து, அப்புறம் உரக்குழியில் போடுங்கள்.